கத்திக்கு முன்பே கிளம்பியது

சண்டைக்காரியான என் செல்ல அம்மாவுக்கு,

நீ போனபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த உன் சின்னவள் நான், இப்போது ஆராய்ச்சிக்கூடத்தில் மார்பகப் புற்றுச் செல்களை வளர்க்கிறேன். உன்னைக் கொண்டுபோன சனியனுக்கே தினமும் தீனி போடுகிறேன், போ! அதன் குணம் தெரிய வேண்டாமா?

அக்காவுக்கும் மார்பில் கட்டி வந்திருக்கிறது, அம்மா. பயப்படாதே, சீக்கிரமே கண்டுகொண்டோம். ஆனால் ஊசி, ஆபரேஷன் என்றதும் முடியவே முடியாது என்றுவிட்டாள். காசிமேட்டு மீன் ஏலத்தில் ஆம்பளைகளையே அடக்குகிறவளை யார் அசைப்பது?

தண்டையார்பேட்டையில் நம் தெரு முழுக்க ஒரே பேச்சுதான்: கத்தி பட்டால் கட்டி பரவும். அதற்கு நீதான் சாட்சி. கட்டியை மறைத்து மாசக்கணக்கில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டாயே, அதை யாரும் பேசுவதில்லை. அக்கா உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனதும், ஆபரேஷனுக்குப் பிறகு அது நுரையீரலில் தெரிந்ததும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

"கத்தி வெச்சதாலதான் அது ஒடம்பு பூரா போச்சு. எனுக்கு வாணாம்டீ," என்றாள் அக்கா.

அவளுக்குத் திருவொற்றியூர் கம்பெனிச் சங்கை வைத்துத்தான் விளக்கினேன். சங்கு ஊதினால் ஷிப்டு கிளம்புகிறதல்லவா? உடம்பிலும் வளர்ச்சிக் காரணி என்று ஒன்று, செல்லின் மேல் காதுபோல் இருக்கும் ஏற்பியில் வந்து ஒட்டி, பெருகு, நகரு என்று சொல்கிறது. காயம் ஆற அது வேண்டும். சில புற்றுச் செல்களில் ஒருவகை ஏற்பி அளவுக்கு மீறி நெருக்கியடித்துக் கிடக்கும். அவை சங்கு ஊதாமலே கிளம்பி, பக்கத்துச் செல்லின் பிடியை விட்டு ரத்தத்தில் இறங்கிவிடும்.

"கத்தி படறதுக்கு முன்னாடியே அது கெளம்பிடுச்சிக்கா. நுரையீரல்ல போய் குந்திகினு இருந்திச்சி. நமக்குத்தான் அப்பால தெரிஞ்சிது," என்றேன்.

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "அப்போ அம்மாவ நான் சாவடிக்கலயா?"

இத்தனை வருஷமாக இதையா சுமந்தாள்? உனக்காவது தெரியுமா, அம்மா? அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மறுவாரம் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிக்கச் சம்மதித்தாள். நான் சொன்ன அந்த ஏற்பி அவள் கட்டியில் ஏராளமாக இருக்கிறதாம். உனக்கு இருந்ததா என்று அன்று யாரும் பார்க்கவில்லை. இப்போது அதையே பிடித்து அடக்க மருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாதுதான். இவளுக்குக் கேட்கும் என்றே நினைக்கிறேன்.

திங்கட்கிழமை ஆபரேஷன். தியேட்டர் வாசல்வரை அவள் கையை நான் பிடித்திருப்பேன், வீட்டுக்கும் நானே கூட்டி வருவேன். இது சத்தியம். உனக்கு அவள்மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் இப்போது கூப்பிடாதே, அம்மா. அவள் எனக்கு வேண்டும்.

அக்காவை உன்னிடம் விட்டுத்தராத,
உன் சின்ன மகள்