நடுவில் ஒன்பது காலிக் கட்டங்கள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே அம்மா சுகம், நான் முக்கால்வாசி சுகம். ஆபரேஷனுக்குப் பிறகு இடது கண் சரியாக மூடுவதில்லை, வரி கோணினால் சிரிக்காதே. உன் கழுத்துக் கட்டியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, கடைசியில் வருகிறேன்.

டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் அம்மா போனில் சொன்னாளாம், மீதியை நான் சொல்கிறேன். என் மூளைக்குப் பக்கத்தில் இருந்தது சாதுவான கட்டிதான். பிறக்கும்போதே தோல் கொஞ்சம் உள்ளே மாட்டிக்கொண்டு முத்து மாதிரி உருண்டிருக்கிறதாம். பத்து வருஷத்துக்கு முன் முதல் ஸ்கேன் படம் எடுத்தபோதே, பயமில்லை, ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்க்கணும் என்றார்கள். அடுத்த வருஷம் ஃபிரேம் கடையில் லீவு கேட்டதற்கு உன் பெரியப்பா, ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடா கடையை விட்டுட்டு ஓடறே என்றார். வந்த வாடிக்கையாளர்களிடம், எங்க தம்பி தலைக்குள்ளயே முத்து வெச்சிருக்கான், பெரிய பணக்காரன் என்று வேறு. எல்லாரும் சிரித்தார்கள், வெட்கங்கெட்டு நானும் சிரித்தேன். அடுத்தடுத்த வருஷமும் இதே கதைதான். அவர் மட்டும் தன் சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் டாக்டரிடம் போவார், அன்றைக்கெல்லாம் கடையில் தனியாகக் கண்ணாடி வெட்டியது நான்தான். இந்த வருஷம் கன்னம் மரத்து, கண்ணாடி கை நழுவியபோதுதான் மறுபடி படம் எடுத்தோம். கட்டியின் சுவரே புற்றாக மாறியிருக்கிறது. லட்சத்தில் ஒருத்தருக்குக்கூட இப்படி ஆகாதாம், ஆனால் நடுவில் ஒரு படம் இருந்திருந்தால் மாற ஆரம்பித்தபோதே பிடித்திருக்கலாமாம். திங்கட்கிழமை முதல் ஆறு வாரம் கதிர் சிகிச்சை. பிழைப்பேனா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார் டாக்டர்.

எனக்குச் சண்டை போடத் தெரியாது, ஃபிரேம் போடத் தெரியும். நீளமான அட்டையில் பதினோரு கட்டம் வெட்டினேன். முதல் கட்டத்தில் பழைய படம், கடைசியில் புதிய படம், நடுவில் ஒன்பதும் காலி. நல்ல கண்ணாடி, நல்ல மரம், கடையிலேயே உயர்ந்த சரக்கு. ஏணியில் ஏறினால் எனக்குத் தள்ளாடுகிறது, அதனால் கடையில் உன் பெரியப்பா நாற்காலிக்கு மேலே ஆணியை அவரையே அடிக்கச் சொன்னேன். ஏணியில் ஏறி அடித்தார். நேற்று கடைக்கு வந்த ஒரு அம்மா, நடுவுல ஏங்க காலியா இருக்கு என்று கேட்டாள். அந்த வருஷமெல்லாம் தம்பியை நான் போக விடலைம்மா என்று அவர் சொன்னது உள்ளே வேலையாக இருந்த என் காதில் விழுந்தது. மனசு குளிர்ந்துவிடும் என்று நினைத்தேன், குளிரவில்லை. போதும், கழட்டிடுங்க என்கிறாள் உன் அம்மா. கழற்ற மாட்டேன். நான் போனாலும் அது அங்கேயே தொங்கட்டும், வருகிறவர்கள் எல்லாரும் கேட்கட்டும்.

இப்போது உன் விஷயம். முதல் படத்தைப் பார்த்துவிட்டு, சாதாரணக் கட்டிதான், ஆறு மாதம் கழித்து வா என்றார்களே, அது போன மாதமே முடிந்துவிட்டது. மேனேஜர் லீவு தரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த அன்றே உனக்கும் ஒரு அட்டை வெட்டிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். இரண்டாவது படத்தை எடுத்து உடனே அனுப்பு. உன் அட்டையில் இரண்டே கட்டம்தான், நடுவில் நான் இடம் விடவில்லை.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அப்பா