பிஸ்கட் டின்னில் நீ வெட்டிய துளை

நண்பா,

நேற்று காலை அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தப் பழைய பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் உள்ளே கிரீம் பிஸ்கட் வாசம் லேசாக இருந்தது. மூடியில் நீ உளியால் வெட்டிய துளையின் ஓரம் இன்னும் கூர்மைதான், சுண்டுவிரலைக் கீறிவிட்டது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, டின்னைப் பையில் போட்டுக்கொண்டு, நம் கோயில் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனேன்.

நடந்ததை உனக்கு வரிசையாக எழுதிவிடுகிறேன். கூட்டக் குறிப்பு எழுதியே பழகிய கை. வேறு மாதிரி எழுத வராது.

எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தபடியே, ஐம்பது வயதுக்கு மேல் தபால் வழியில் பட்டம் படித்தேனே, நினைவிருக்கிறதா? பெம்பான் ஒட்டுக்கடையோரம் செம்பனைக் குலை லாரியை நிறுத்திவிட்டு நீ டீ குடிக்க வருவாய். நாடுகள் ஏன் ஜனநாயகத்துக்கு மாறுகின்றன என்ற பாடத்தைப் பரீட்சைக்காக உன்னிடம் ஒப்பிப்பேன். மக்களிடம் வசதியும் படிப்பும் சேர்ந்தால் மாற்றம் வரும் என்றது முதல் கோட்பாடு. நீ நுரை ததும்பும் தே தாரிக்கை ஊதிக் குடித்தபடி, "அப்படின்னா நம்ம கோயிலு எப்பவோ மாறியிருக்கணுமே கிராணி. எல்லாருக்கும் தாமான்ல சொந்த வீடு, வாசல்ல காரு. தலைவரு மட்டும் அதே தலைவரு" என்றாய்.

மேலே இருப்பவர்களுக்குள் பிளவு வந்தால் மாறும் என்ற அடுத்ததைச் சொன்னேன்.

"பொருளாளரு அவரு மச்சான். துணைத் தலைவரு சம்பந்தி. எங்கேர்ந்துலா பிளவு வரும்?"

கீழே இருப்பவர்கள் திரண்டால்?

"திரளுவாங்களே, அன்னதானத்துக்கு!"

சிரித்தேன். ஆனால் அந்தக் கோயிலின் செயலாளரே நான்தான். ஒவ்வொரு ஆண்டும் கூட்டத்துக்கு முதல் நாளே குறிப்பைத் தட்டச்சு செய்துவிடுவேன். "ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்ற வரி உள்பட. தலைவருக்கான மாலையைப் பூக்கடையில் சொல்லி வைப்பதும் நானே. ஒருநாள் விசிறிக்கொள்ள என் கோப்பு ஒன்றை எடுத்தபோது நீ அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டாய்.

"நாளைக்கு நடக்கப்போற கூட்டத்த இன்னிக்கே எழுதிட்டியா? பேசாம எல்லாரையும் வீட்டுலயே இருக்கச் சொல்லிடு."

அப்புறம்தான் ஓட்டுச் சீட்டு போட டின்னில் துளை வெட்டினாய். நீ எழுந்து ரகசிய வாக்கெடுப்பு கேட்பது, நான் வழிமொழிவது என்று ஏற்பாடு. நீ எழுந்தாய், கேட்டாய். "வழிமொழியறது யாரு?" என்று தலைவர் சுற்றிலும் பார்த்தார். என் கை கோப்புக்கு அடியில் கிடந்தது. எழவில்லை. நீ கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தாய். தட்டச்சு செய்திருந்த குறிப்பில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது டின்னை என்னிடம் நீட்டினாய். "நீயே வச்சிக்க. கையில தெம்பு வந்தா எடு." அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தே தாரிக்குக்கும் வழக்கம்போல் வந்தாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். டின் மட்டும் அலமாரியில் இருந்தது.

நேற்று நான் எழுந்தேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தும் முதல் வரியை இரண்டு முறை வாசித்துவிட்டேன். தலைவர் அதே கேள்வியைக் கேட்டார். யாரும் அசையவில்லை. அன்று நீ எவ்வளவு நேரம் நின்றாய் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பெண்கள் பக்கமிருந்து ஒரு கை எழுந்தது. உன் மனைவி.

"எங்க வீட்டுக்காரரு அன்னிக்கே கேட்டதுதானேண்ணே. நான் வழிமொழியறேன்."

அவர் பின்னால் இன்னொரு கை, அப்புறம் நிறைய. தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, பொட்டி எங்க?" என்றார். பையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து மேசையில் வைத்தேன். மண்டபமே சிரித்தது.

எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அவருக்கு நாற்பத்தொரு ஓட்டு. தலைவருக்கு ஐம்பத்தெட்டு. ஆமாம், அவரேதான் வென்றார். நீ தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. பொறு. கூட்டம் கலைந்ததும் அவர் என் மேசைக்கு வந்தார்.

"கிராணி, மாலை எங்கய்யா?"

"வாங்கலண்ணே. யாரு ஜெயிப்பாங்கன்னு தெரியாதே."

கழுத்தைத் தடவிக்கொண்டார். "இத்தன வருசமா மாலை போட்டுக்கிட்டேன். நெசமாவே நம்மள வேணும்னுதான் வச்சிருக்காங்களான்னு எனக்கே தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சிபோச்சி." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த நாப்பத்தோரு பேரு யாரு?" என்றார்.

"தெரியாதுண்ணே. அதுக்குத்தானே டின்னு."

அவர் சிரித்துவிட்டார். என் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது.

எந்தக் கோட்பாட்டில் இதைச் சேர்ப்பது என்று இன்று காலை யோசித்தேன். செலண்டார் பக்கத்துக் கோயிலில் போன வருடமே ஓட்டுப் போட்டார்கள். அதைப் பார்த்து நம்மவர்களும் துணிந்திருக்கலாம். அண்டை நாட்டிலிருந்து மாற்றம் பரவும் என்று ஒரு பாடம் உண்டு. ஆனால் உன் மனைவியின் கையை எந்தப் பாடத்தில் சேர்ப்பது? பரீட்சையில் நான் தேறியதே சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

யோசனையை நிறுத்திவிட்டுக் கூட்டக் குறிப்பை எழுதினேன். வாழ்க்கையில் முதல் முறையாக, கூட்டம் நடந்த பிறகு. டின்னை இனிக் கோயில் அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். விரலில் கீறல் மட்டும் என்னோடு வந்திருக்கிறது.

நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்பாய். முன்கூட்டி எழுதிய அந்தக் குறிப்பைத் தவிர உன்னிடம் நான் எதையும் மறைத்ததில்லை. இதை மட்டும் சொல்ல மாட்டேன்.