பிரதோஷத்துக்கு மறுநாள்

லோஹேகாவ், புனே
12-7-1998

சிரஞ்சீவி ஸ்ரீவத்சனுக்கு, விச்சுவின் அம்மா பாமா எழுதுவது. ஜெர்மனிச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

விச்சு தன்னை முடித்துக்கொண்டு இரண்டு வருஷமாகிறது. விண்மேகத்திலிருந்து ரேடியோ தொலைநோக்கி பிடித்த கோடுகள் சில, இங்கே நீங்கள் இருவரும் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக் குழாயிலும் வந்ததாகச் சொன்னான். நீ சோதித்தாய், வரவில்லை. இட்டுக்கட்டினான் என்று எழுதிக்கொடுத்தாய். அவன் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்துவிட்டேன். மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் அதனதன் கோடுகளாமே, கைரேகை மாதிரி. என் பிள்ளை பொய் சொன்னானா? அது தெரிந்தால் போதும். கோடுகள் வந்த தேதிகளை அனுப்பு.

விமானம் இறங்கும்போதெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் அவன் கண்ணாடிக் குப்பிகள் கிணுகிணுக்கின்றன.

ஆசிகளுடன்,
பாமா

கொலோன்
3-8-1998

மாமிக்கு நமஸ்காரம். உங்கள் வீட்டில் சாப்பிட்ட கைதான் அந்த அறிக்கையையும் எழுதியது. கோடுகள் வந்ததாக அவன் குறித்த தேதிகள் பதினொன்று, தனித்தாளில். நான் சோதித்தது 27-6-1996.

ஸ்ரீவத்சன்

லோஹேகாவ்
20-8-1998

வத்சா, பதினொன்றும் பிரதோஷத்துக்கு மறுநாள்! என் கணக்கு நோட்டில் இருக்கிறது. பிரதோஷம் தவறாமல் அவனுக்குப் பச்சைக் கற்பூரம் முடிந்து கொடுப்பேன். "மெஷினுக்கும் விபூதி பூசட்டுமாம்மா?" என்பான். ஆனாலும் எடுத்துப்போவான். நீ பார்த்தால் சிரிப்பாயென்று, குப்பிகளின் ரப்பர் மூடிகள் போட்டுவைக்கும் டப்பாவில் ஒளித்துவைப்பானாம். ரப்பர் அந்த வாசனையை இழுத்து, குப்பி வழியாகக் குழாய்க்குள் விட்டிருக்கும். நீ சோதித்தது ஏகாதசி, அடுத்த பிரதோஷத்துக்கு இரண்டு நாள் முன்னால். அதற்குள் எல்லாம் காற்றோடு போயிருக்கும்.

குப்பி, மூடி, கற்பூரம், ஒன்று விடாமல் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்.

பாமா

கொலோன்
30-10-1998

மாமி, வந்தன. அவன் குறித்த அதே இடங்களில், அதே கோடுகள். விண்மேகத்தில் இருப்பது வேறெதுவோ. அதன் கோடுகள் சிலவற்றோடு கற்பூரத்தின் கோடுகள் தற்செயலாகப் பொருந்தியிருக்கின்றன. விச்சு பார்த்ததைத்தான் எழுதினான்.

"மூடிகளில் ஏதோ கலப்பு" என்று ஆய்வுக்கூடத்துக்குத் திருத்தம் எழுதியிருக்கிறேன். யாரால் என்று எழுதவில்லை. சோதித்த அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு நாள் பாருடா" என்றான். நான் பார்க்கவில்லை, மாமி.

ஸ்ரீவத்சன்

லோஹேகாவ்
16-11-1998

வத்சா, ஏதோ கலப்பு என்று எழுதாதே. "அவன் அம்மா கொடுத்த கற்பூரம்" என்று எழுது. பாதி துடைத்த பெயர் அவனுக்கு வேண்டாம். உன்மேல் கோபமில்லை. இனிமேல் கடிதம் மட்டும் போடாதே.

இன்று சோமவாரப் பிரதோஷம். தீபாராதனைக்குக் கற்பூரம் ஏற்றினார்கள். கோயிலை விட்டு வந்துவிட்டேன்.

இதோ, விமானம் இறங்குகிறது. குப்பிகளெல்லாம் உன்னிடம்.

பெட்டி கிணுகிணுக்கிறது.

பாமா