என் பங்கு ஆமீன்

சாவகச்சேரி
12-2-38

கண்ணியமிக்க வாப்பா அவர்களுக்கு, உங்கள் துஆவில் வாழும் மகன் ஆதம்பாவா ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம், கடையில் தையல் வேலைக்கும் குறைவில்லை. உம்மாவின் காய்ச்சல் விட்டதா? காய்ச்சல் என்று நீங்கள் எழுதிப் பதினெட்டு நாளாகிறது. அதன்பிறகு ஒன்றுமே வரவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. தொழுகை முடிந்ததும் அதை நடத்திய லெப்பை கையேந்தி துஆ ஓத, நாங்கள் சேர்ந்து ஆமீன் சொல்வது இந்தப் பள்ளிவாசலின் வழக்கம். போன மாதத் தொடக்கத்தில் வந்த மார்க்கம் படித்த ஓர் ஆலிம், நபியவர்கள் அதை வழமையாகச் செய்ததில்லை என்றார். என் வாய் சும்மா இருக்குமா? எல்லார் முன்னாலும் லெப்பையோடு வாதாடி அந்த வழக்கத்தை நிறுத்திவைத்தேன்.

உங்கள் கடிதம் வந்தபின் அந்தத் துஆ எனக்கே தேவைப்பட்டது; லெப்பையின் முகத்தைப் பார்க்கவே வெட்கம். நேற்று அஸர் தொழுகை முடிந்ததும் மெதுவாகப் போய், உம்மாவுக்காகச் சேர்ந்து துஆக் கேட்பீர்களா என்றேன்.

"வழமையாக்கிறதைத்தான் ஆலிம் வேண்டாமெண்டவர், தம்பி. ஒராளின்ரை வருத்தத்துக்குச் சேர்ந்து கேக்கலாமெண்டும் சொன்னவர். நீர் பாதியைத்தான் கேட்டிருக்கிறீர். உம்மாவின்ரை பேரென்ன?" என்றார்.

ஆசியா உம்மா என்றேன். அந்தப் பெயரைச் சொல்லி துஆக் கேட்டார். அந்த வாதத்துக்குப்பின் என்னோடு கதைக்காமலிருந்தவர்களும் உரத்து ஆமீன் சொன்னார்கள்.

உம்மா என்ன சாப்பிட்டா என்று ஒரு வரியாவது எழுதுங்கள். அவ தைத்த என் பழைய தொப்பியை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். தையற்காரன்தான், ஆனாலும் எனக்கு அப்படித் தைக்க வரவில்லை.

தபாலுக்கு நேரமாகிறது. வாப்பா, நேற்று உம்மாவின் பெயரைக் கேட்டதும் அழுதுவிட்டேன். என் ஆமீன் மட்டும் வெளியே வரவில்லை. இதை உம்மாவின் பக்கத்திலிருந்து வாசித்து, அந்த ஆமீனை நீங்கள் சொல்லிவிடுங்கள்.

மகன்
ஆதம்பாவா