புளியமரத்துக்கு அடிச்ச சுண்ணாம்பு

அப்பாவுக்கு, லக்னோவுல இருந்து தனப்பிரியா எழுதறதுங்க. நான் நல்லாத்தான் இருக்கறேன். உங்க முழங்கால் வலி இப்ப எப்படிங்க? போன்ல பேசுனா கத்திருவேன்னுதான் இந்தக் கடுதாசி.

என்னையப் பொண்ணு பாக்க வாராங்கன்னு ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சீங்க, சரி. களத்துப் புளியமரத்துக்கு எதுக்குங்கப்பா அடிச்சீங்க? நீங்க அனுப்புன போட்டோவப் பாத்துட்டு ஆய்வுக்கூடத்துலயே அழுதுட்டேன். மரத்துல சொறின்னு நீங்க சுரண்டிப் போட்டது மரப்பாசி. அம்மா குழம்புல போடற கல்பாசிக்கு அது பங்காளிங்க. காத்து கெட்டா மொதல்ல சாகறது அதுதான். பக்கத்துல சாயப்பட்டறை வந்ததுல இருந்து நம்ம மரத்துல அது வருசா வருசம் எவ்வளவு சுருங்குதுன்னு அளக்கறதுதானுங்க என்ர ஆராய்ச்சியே. பட்டறைப் புகைக்கு வருசக்கணக்காகற வேலைய நீங்க ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க.

மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால நிக்கற வேம்பையாவது தொடாதீங்க, அதுலயும் நான் அளக்கற பாசி இருக்குது. அங்க விருந்தாளி யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க.

அம்மாகிட்டச் சொல்லிக் கொஞ்சம் கொள்ளுப்பொடி அனுப்புங்க. இங்க தனியா உக்காந்தா சோறு எறங்கறதில்ல.

தபால் எடுக்கற நேரமாச்சுங்க. அவங்க வார அன்னைக்கு நானும் வாரேன். ஆனா என்ர மூஞ்சிக்கும் யாரும் எதையும் பூச வேண்டாமுங்க.

தனப்பிரியா