டிக்சியும் தேக்சாவும்

ராயபுரம்
வியாழக்கிழமை

அன்புள்ள மகன் ஃப்ரெடிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் தவிர. நீயும், உன் கூடாரமும், பழைய யுத்தத்தை வேஷம் கட்டி நடித்துப் பார்க்க நீ காசு கொடுத்து வாங்கிய செத்துப்போன வெள்ளைக்கார சிப்பாயின் கம்பளிக் கோட்டும் அப்படியே நலமாயிருக்க மன்றாடுகிறேன். போனில் பேசினால் சிக்னல் இல்லை என்கிறாய். லீவு என்று நான் ஆரம்பிக்கும்போது மட்டும் அந்த சிக்னல் எங்கே ஓடிப்போகுமோ தெரியவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதி, நீ கேட்ட சாமானுக்குள்ளேயே மடித்து வைக்கிறேன். இதை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

முதலில் உன் அப்பா பட்ட பாட்டைக் கேள். தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த டிக்சி வேண்டும், சீக்கிரம் கூரியரில் அனுப்புங்கள் என்று நீ வாய்ஸ் மெசேஜ் போட்டாய். இங்கிலாந்தில் அது டிக்சியாக இருக்கலாம், ராயபுரத்துக் காதில் அது தேக்சாவாகத்தான் விழும். நம் வீட்டுத் தேக்சா, கோயில் திருநாளுக்கு மொத்தத் தெருவுக்கும் பிரியாணி ஆக்கினது, எப்போதோ வண்ணாரப்பேட்டை மஜீது பாயின் வாடகைப் பாத்திரக் கடைக்குப் போய்விட்டது. உன் அப்பா அந்த முழங்காலோடு பாயிடம் போய், என் மகன் சீமையில் யுத்த ஆராய்ச்சி பண்ணுகிறான், மியூசியத்தில் வைக்கப்போகிறார்கள் என்று சொல்லி, யார் வீட்டு நிக்காஹ்வுக்கோ போக இருந்த பாத்திரத்தை ஆட்டோவில் ஏற்றி வந்தார். ஆட்டோவில் தேக்சா சீட்டில், அப்பா டிரைவர் பக்கத்தில் தொங்கிக்கொண்டு. கூரியர் கடைக்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதற்கு நீங்களே உள்ளே உட்கார்ந்து போய்விடலாம் சார், பையனையும் பார்த்த மாதிரி இருக்கும் என்றாராம். அப்பா அதை வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிறகு நீ போட்டோ அனுப்பினாய். சிப்பாய்கள் முதுகுப் பையில் வைத்துக்கொள்ளும் அலுமினிய டப்பா, ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி இரண்டு, மடக்குகிற கம்பிப் பிடி. டிக்சி என்பதே நம்மூர் தேக்சி, அதாவது சின்னத் தேக்சா தான், வெள்ளைக்கார சிப்பாய் இங்கே வந்து கற்றுக்கொண்டு போன வார்த்தை என்று எனக்கு நெடுநேரம் வகுப்பெடுத்தாய். அப்படியானால் உன் அப்பா சரியாகத்தானே கேட்டிருக்கிறார், தப்பு வெள்ளைக்காரன் வாயில். அது போகட்டும். போட்டோவைப் பார்த்ததும் நான் நேராகச் சமையலறைக்குப் போய்ப் பரணிலிருந்து எடுத்து வந்தேன். மகனே, அது நம் வீட்டுக் கேக் டப்பா. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு மணல் சட்டிக்குள் வைத்து நான் கேக் சுடுவேனே, சூடு ஆறுவதற்குள் மூலையில் ஒட்டினதை நீ கரண்டியால் சுரண்டித் தின்பாயே, அதே டப்பா. பெரியதில் பிளம் கேக், சின்னதில் உனக்கென்று முந்திரி போடாமல் ஒன்று. இரண்டாம் உலகப் போரைப் பல் முளைத்த நாளிலிருந்து தின்று வளர்ந்திருக்கிறாய், இத்தனை புத்தகம் படித்தும் அது தெரியவில்லை.

அடியில் இருக்கும் கரியைத் துடைக்கக் கூடாது, அதுதான் சரித்திரம் என்று வேறு உத்தரவு. நீ பார்க்கிற கரி பர்மா போர்முனைக் கரி இல்லை, போன கிறிஸ்துமஸ் கரி. அழுக்கோடு அனுப்பு என்று கெஞ்சுகிற பிள்ளையைப் பெறுவதற்காகவா உன் காதுக்குப் பின்னால் அத்தனை சோப்பு போட்டுத் தேய்த்தேன். என் மாமனார் அந்தப் பர்மாவில் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. மண்வெட்டியோடு ரோடு போடப் போனவர், மழையும் பேதியும்தான் அவர் கண்ட எதிரி. திரும்பி வந்தவர் காக்கிச் சட்டையைக் கிழித்து அடுப்பு துடைக்கக் கொடுத்தார், அதற்கப்புறம் கூடாரம் என்ற பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார். அவர் பேரனோ லீவு போட்டுக் கூடாரத்துக்குப் போகிறான்.

லீவு என்று எழுதிவிட்டேன், சிக்னல் இருக்கிறதா? டிசம்பரில் லீவே கிடையாது என்று அப்பாவிடம் சொன்னாய். பிறகு என்னிடம் டிக்சி எதற்கு அவசரம் என்று கேட்டால், கிறிஸ்துமஸ் வாரம் உன் கூட்டாளிகளோடு முகாம், யார்க்ஷயர் பனியில் பர்மாக் காடு போடப்போகிறோம் என்று உளறிவிட்டாய். நீ சரியான எம்டன்டா. நம் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன அந்தக் கப்பலாவது சொல்லாமல் வந்தது. நீ சொல்லிவிட்டு வராமல் இருக்கிறாய்.

அப்பாவிடம் நான் முகாமைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் நான் போனில் பேசினது அவர் காதில் விழுந்திருக்கிறது. உட்கார்ந்து இரண்டு டப்பாவையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, துறைமுகத்தில் சரக்குக் கட்டின கை இல்லையா, அட்டைப் பெட்டியில் வைத்து முடிச்சுப் போட்டார். போட்டுவிட்டுப் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "ரெண்டையும் அனுப்சிட்டா, அப்பால அவன் இன்னாத்துக்கு இங்க வரப்போறான்?" அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பைப் பார்த்து அழுதேன்.

அவர் மாத்திரை வாங்கப் போன நேரத்தில் முடிச்சைப் பிரித்துப் பெரியதை வெளியே எடுத்துவிட்டேன். அதனால் உன் பார்சலில் இருப்பது சின்னது மட்டும்தான். கூரியரில் தொலைந்துவிட்டது என்று யாரிடமும் சண்டைக்குப் போகாதே. ஜோடி சேராத டிக்சிக்கு உங்கள் கூட்டத்தில் மதிப்பே இல்லை என்று சொன்னது நீதான். பெரியது மறுபடியும் பரணில் இருக்கிறது. ஜோடி வேண்டுமானால் வந்து சேர்த்துக்கொள். வரும்போது சின்னதை மறக்காமல் கொண்டு வா, முந்திரி போடாத கேக்கை வேறு எதில் சுடுவது?

மாதா உன்னைப் பனியிலிருந்தும் உன் புத்தியிலிருந்தும் காப்பாற்றட்டும். கோட்டுக்குள் ஸ்வெட்டர் போடு, அந்தக் காலத்துச் சிப்பாய்க்கு இந்த ஸ்வெட்டர் கிடையாது என்று யாராவது குறை சொன்னால் அம்மா உத்தரவு என்று சொல். தேக்சாவை இன்னும் பாயிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. நீ வந்தால் தெருவுக்கே பிரியாணி என்று அப்பா அவரிடம் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டாராம்.

இப்படிக்கு,
பெரிய டப்பாவைக் கையில் வைத்திருக்கும் உன் அம்மா,
வியாகுலம்மாள்