ஆசிரமத்துக்குப் பக்கத்தில்

10.4.2007
ஆதிலட்சுமி அக்காவுக்கு நான் செய்துகொடுத்த வெப்சைட் கூகுளில் ஐந்தாவதாக வருகிறது. வந்து என்ன? ஒருத்தரும் கிளிக் பண்ணவில்லை. 'ஹோம் பேஜ்' என்று தலைப்பு இருந்தால் எவன் உள்ளே வருவான்? அதை வைத்த மேதாவி நான்தான். அக்கா நகையை விற்று, வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட, அடி அண்ணாமலை வீட்டு மாடியில் மூன்று அறை கட்டினார். பூட்டியே கிடக்கிறது.

11.4.2007
தலைப்பை இங்கிலீஷில் மாற்றிவிட்டேன்: 'மலை தெரியும் அமைதியான அறைகள், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில்.' அடியில் விவரம்: 'நடந்தே போகலாம்.' ஆசிரமம் செங்கம் ரோட்டில். அக்கா வீடு கிரிவலப் பாதையில், மலைக்கு அந்தப் பக்கம். ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். அதனால் என்ன, ஊர் உலகமே அந்த வழியில் நடக்கிறதே!

20.4.2007
கிளிக் ஏறுகிறது. மூன்று அறைக்கும் ஆள். "கைராசிக்காரன்பா நீ, இளவரசு" என்றார் அக்கா. தலைகால் புரியவில்லை எனக்கு.

2.5.2007, சித்ரா பௌர்ணமி
எழுதவே கை கூசுகிறது.

பௌர்ணமிக்குப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? இங்கேயே பிறந்தவன்தானே! புனேயிலிருந்து ஒரு பெரியவரும் மனைவியும். ஆசிரமத்து வாசலில் இறங்கி, பக்கத்தில்தானே என்று வழி கேட்டிருக்கிறார்கள். ஆட்டோ இல்லை. கூட்டத்தில் இடிபட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வீங்கிப்போயிருந்தது. பெரியவர் இங்கிலீஷில் அக்காவைக் கிழிகிழி என்று கிழித்தார். பித்தலாட்டம் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"என்னப்பா சொல்றாரு?"

"வெயில் ஜாஸ்தியாங்கக்கா."

உடனே ஓடிப்போய் மோர் கொண்டுவந்தார். "பாவம், வயசானவங்க. ரெஸ்ட் எடுத்துக்கச் சொல்லுப்பா."

சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

3.5.2007
மாற்றிவிட்டேன்: 'அடி அண்ணாமலையில் மலை தெரியும் அறைகள். ஆசிரமத்துக்கு ஆட்டோவில் போகவேண்டும். பௌர்ணமியன்று வண்டி கிடையாது.' அக்காவிடம் விஷயத்தை நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

4.5.2007
சொல்லவில்லை.

18.6.2007
கிளிக் படுகம்மி. "என்னப்பா, ஆளையே காணோம்?" என்று அக்கா போன். சீசன் இல்லைங்கக்கா என்றேன். ஒரு பொய்யை மூட இன்னும் எத்தனை சொல்லப்போகிறேன்?

9.7.2007
வெப்சைட்டை, பஸ் ஸ்டாண்டுக்கிட்டே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் வேடியப்பனிடம் அக்கா கொடுத்துவிட்டாராம். மார்க்கெட்டில் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். குனிய வேண்டியவன் நானல்லவா?

27.7.2007
வரும் திங்கள் பௌர்ணமி. மனசு கேட்காமல் கூகுளில் தேடினேன். வேடியப்பன் என்னுடைய பழைய தலைப்பையே தேடி எடுத்துத் திரும்பப் போட்டிருக்கிறான். பக்கத்தில். நடந்தே போகலாம்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அது பொய் என்று, முதலில் எழுதியவன் நான் என்று, புனேக்காரர் கத்தியது அதற்குத்தான் என்று.

"அவரு வெயில்னுதான சொன்னாரு? நீதான சொன்ன?"

"அதுவும் பொய்தாங்கக்கா."

அக்கா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "பொறாமைப்படாதப்பா. உனக்கும் நல்ல காலம் வரும்."

திங்கட்கிழமை வருகிறவர்களுக்காகப் புதுப் போர்வை வாங்கியிருந்தார். பிரித்துக் காட்டினார்.